அவிநாசியில் குடித்த ஒரு சொம்புத் தண்ணீர்

காலை எட்டேகாலுக்குப் பவானியிலிருந்து கிளம்பினோம். கோயம்புத்தூர் நூறு கிலோமீட்டர். வாடகை அம்பாசிடர், போக வர அறுநூறு ரூபாய். வண்டியில் ஓட்டுநர் ரபீக் பாய், என் மனைவியின் தம்பி செந்தில், அவனைவிட அதிகமாக வியர்த்துக்கொண்டிருந்த நான்.

தொண்ணூற்றைந்தாம் வருஷம். இந்தியா, பாகிஸ்தான், இலங்கை என்று அண்டை நாடுகள் ஏழும் மெட்ராஸில் மோதவிருந்த தெற்காசியப் போட்டிக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பளுதூக்கும் தேர்வு கோயம்புத்தூரில். ஒரு மணிக்கு எடை பார்ப்பார்கள். செந்திலின் பிரிவு ஐம்பத்தொன்பது கிலோ; அதற்கு மேல் ஒரு கிராம் கூடினாலும் ஆள் வெளியே. கிளம்பும்போது எங்கள் ஊர் ரைஸ் மில் தராசில் நூறு கிராம் குறைவாக நின்றான். முந்தின நாள் மத்தியானத்திலிருந்து அவன் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அவன் வாய்க்குக் காவல் இருப்பது என் வேலை. பயம் வந்தால் எனக்குப் பசிக்கும். பெருந்துறையில் அவன் பங்குக்கும் சேர்த்து நானே நாலு பஜ்ஜி தின்றேன்.

"பாய், சன்னலச் சாத்துங்க. காத்து உள்ள போயி எடை ஏறிப்போடும்."

"காத்துக்கு எடை இல்லீங்க. உங்க பேச்சுக்குத்தான் எடை" என்றார் பாய்.

பத்து மணிக்கு அவிநாசி. ரோட்டோரம் வெள்ளைச் சட்டையில் செந்திலின் பெரியப்பா நின்று கையைக் காட்டினார். கிணற்றுப் பங்குத் தகராறில் எட்டு வருஷமாகப் பேச்சில்லாதவர். சொந்தத் தம்பி, அதாவது செந்திலின் அப்பா, செத்ததற்கே வராதவர். எங்கேயோ கேள்விப்பட்டு வந்து நிற்கிறார். வண்டியை நிறுத்தாமல் போக முடியுமா? வீட்டுக்குள் கூட்டிப்போய் உட்காரவைத்தார்.

எங்கள் ஊர்ப்பக்கம் வீட்டுக்கு வந்தவர் கையில் முதலில் தண்ணீர்ச் சொம்பைத்தான் கொடுப்பார்கள். சாப்பாட்டைச் சர்க்கரை வியாதி என்று பொய் சொல்லித் தட்டலாம். தண்ணீரைத் தட்டினால் பகை இன்னும் தீரவில்லை என்று அர்த்தம். அன்றைக்குப் பெரியப்பாவே சொம்பைக் கொண்டுவந்தார்.

செந்தில் என்னைப் பார்த்தான். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"தேர்வு முடிஞ்சு குடிக்கட்டுமுங்க" என்றேன். என் குரல் எலிக்குஞ்சின் குரலாக வந்தது.

பெரியப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. "ஏங் கண்ணு, பெரியப்பன் ஊட்டுத் தண்ணி ஆகாதா?"

செந்தில் சொம்பை வாங்கி வாயில் கவிழ்த்துவிட்டான். பெரியப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்தியாவுக்காக எடை தூக்கப் போகிற பையன், எங்கள் வீட்டுப் பையன் என்று அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

வண்டியில் ஏறியதும் சொம்பு எவ்வளவு பிடிக்கும் என்று கேட்டேன். முக்கால் லிட்டர் இருக்கும் என்றார் பாய். கேட்காமலே இருந்திருக்கலாம்.

அதன்பிறகு நான் செய்ததையெல்லாம் எழுதக் கூச்சமாக இருக்கிறது. கோயம்புத்தூரில் கம்பளியைப் போர்த்தி மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டேன். வெயிலில் நின்ற அம்பாசிடருக்குள் அடைத்து வைத்தேன். எச்சில் துப்பச் சொல்லி, வழிகாட்ட நானும் துப்பினேன். கடைசியில் சலூனுக்கு இழுத்துப்போய் மொட்டை அடித்தேன். முடிக்கு எடையே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. காய்ந்து கிடந்த உடம்பு, கிடைத்த தண்ணீரை விடமாட்டேன் என்றது.

தராசு ஐம்பது கிராம் கூடக் காட்டியது.

"அம்பது கிராமுங்க தம்பி. அடுத்த வாட்டி பாத்துக்கலாமுங்க" என்றார் அதிகாரி. எங்கள் ஊர்ப்பக்கம் கழுத்தை அறுப்பதையும் மரியாதையாகத்தான் செய்வோம்.

திரும்பும்போது, பெரியப்பாவிடம் சொல்லிவிட்டுப் போகலாம் என்று செந்திலே வண்டியை நிறுத்தச் சொன்னான். நாலரை மணி. பெரியப்பா மொட்டைத் தலையை ஏற இறங்கப் பார்த்தார். நடந்ததைச் சொன்னோம்.

"தண்ணியக் குடிச்சுத்தானா கெடுத்துப்போட்டே? போட்டின்னா வாயக் கட்டோணுமல்ல கண்ணு" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நல்லவேளை, அது பஜ்ஜி ஏப்பமாக வெளியே போயிற்று. உள்ளேயிருந்து பெரியம்மா சொம்போடு வாசற்படி வரை வந்தார். பெரியப்பா வேண்டாம் என்று லேசாகத் தலையை ஆட்டினார். பெரியம்மா திரும்பிப் போய்விட்டார். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். சொம்பும் வரவில்லை, அக்கம்பக்கத்தாரும் வரவில்லை. "வாரமுங்க" என்று எழுந்தோம். பெருந்துறை டீக்கடைத் தொட்டியில் செந்தில் டம்ளர் டம்ளராக மொண்டு குடித்தான், நான் தடுக்கவில்லை.

டிசம்பரில் நாங்கள் மெட்ராஸ் போகவில்லை. ஏழு நாட்டுக் கொடிகளும் ஒரே மைதானத்தில் பறந்ததைப் பேப்பரில் பார்த்தோம். பவானிக்கும் அவிநாசிக்கும் அறுபது கிலோமீட்டர்தான். இப்போதெல்லாம் அந்த வழியாகப் போனால், வீட்டிலிருந்தே ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போகிறேன்.