பழைய கம்பாலாவில் ஒரு வீடு

பங்கஜம் டீச்சர் இறந்துவிட்டார் என்று வியாழக்கிழமை காலை சுள்ளிக்கல்லில் அவர் வீட்டிலிருந்து ஆள் வந்து சொன்னபோது, கொச்சியில் எங்கள் மட்டாஞ்சேரிப் பள்ளியில் முதல் மணி அடித்திருந்தது. அவருடைய சரித்திர வகுப்புக்கு நான்தான் போனேன். பாடம் நடத்த முடியவில்லை. பிள்ளைகளிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

எழுபத்திரண்டில் உகாண்டாவிலிருந்து இந்தியர்களை விரட்டியபோது கணவரோடும் மகனோடும் இங்கே வந்தவர். தலைநகர் கம்பாலாவில், பழைய கம்பாலா என்ற குன்றின்மேல் அவர்கள் வீடு. மட்டாஞ்சேரியில் மேடேது? ஆனாலும் டீச்சர், "கீழே எறங்கிச் சந்தைக்குப் போயிட்டு வரேன்" என்பார். ஆசிரியர் அறையே கேலி செய்யும். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

ஒருநாள் அந்தக் குன்றைப் பற்றிக் கேட்டேன். உச்சியில் வெள்ளைக்காரன் கோட்டை கட்டினானாம். பிறகு வசதியான வேறு குன்றுக்குப் போய்விட்டானாம். அவன் விட்ட சரிவில் நம்மவர்கள் குடியேறினார்கள். "அப்போ அந்த ஊர்க்காரா?" என்றேன். டீச்சர் சாயா தம்ளரைக் கீழே வைத்தார்.

"அவா கீழேதான். வேலை முடிஞ்சா சமையல்காரி எறங்கிப் போயிடணும். அது அவா மண்ணுன்னு எனக்கு ஒருநாளும் தோணலை, டீச்சர்."

கணவர் இங்கே முதல் மழைக்காலத்தையே தாண்டவில்லை. கடைசிவரை அந்த வீட்டைப் பற்றித்தான் பேசினாராம். சில ஆண்டுகள் கழித்து, போனவர்கள் வந்து சொத்தைக் கேட்கலாம் என்று அந்நாட்டு அரசு அறிவித்ததும் மகன் பம்பாயிலிருந்து ஓடிவந்தான். மனுவில் அம்மா கையெழுத்துப் போட்டால் போதும். அன்று நானும் டீச்சர் வீட்டில் இருந்தேன்.

"அங்கே இப்போ ஒரு குடும்பம் இருக்கும்டா," என்றார் டீச்சர். "நம்ம வாசல்ல வந்து நின்னு வெளியே போன்னு சொன்னவனைப் பாத்திருக்கேன். அவனை மாதிரி நானும் போய் நிக்கணுமா?"

"அப்பா ஆசைப்பட்டாரேம்மா."

"தெரியும். அதான் உறக்கமே இல்லை."

அவன் சாப்பிடாமலே கிளம்பினான். பிறகு வரவே இல்லை. சரியென்று பட்டதைச் செய்துவிட்டு டீச்சர் நிம்மதியாக இருந்தார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வாசலில் ஆட்டோ நின்றால் எழுந்து போய்ப் பார்ப்பார். மகனை நினைத்து அழுவார். கையெழுத்து மட்டும் போடவில்லை.

நேற்று சிதையருகே அவன் என்னிடம் கேட்டான்: "பேர்கூடத் தெரியாத யாருக்கோ வேண்டி என்னை விட்டுட்டாளே, டீச்சர்?"

விடவில்லை என்றேன். தினமும் விளக்கு வைத்ததும் டீச்சர் இரண்டு வீடுகளுக்காகக் கும்பிடுவார். ஒன்று பம்பாயில் அவன் வீடு. மற்றது, யார் இருக்கிறார்கள் என்றே தெரியாத அந்தக் கம்பாலா வீடு. அதைக் கேட்டு அவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

டீச்சரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தக் கும்பிடுதான். இனி அந்த இரண்டு வீட்டுக்காரர்களும் நன்றாக இருக்கட்டும் என்று வேண்ட வேண்டியது என் பொறுப்பு.