அக்காவின் கூடைப்பந்து நோட்டு

நீலகிரித் தைலமும் வியர்வையும் கலந்த ஒரு வாடை, சாயங்காலம் ஏழு மணி வாக்கில், அக்காவுக்கு ஓரடி முன்னதாகவே எங்கள் வீட்டுக்குள் நுழைந்துவிடும். அம்மா அடுப்படியில் இருந்தபடியே மூக்கை உறிஞ்சி, "இது யாரு வீட்டுத் தைலம்?" என்று கேட்பாள். கணுக்கால் பிசகிய பிள்ளைகளுக்காக ராஜபாளையத்து மைதானத்தில் பொதுவாக வைத்திருந்த தைலம் அது என்று அக்கா நூறு தடவை சொல்லியிருப்பாள். நூறு தடவையும் அம்மா "சரி, சரி" என்று தலையை ஆட்டிவிட்டு, மறுநாள் அதே மூக்கை அதே மாதிரி உறிஞ்சுவாள். எங்கள் வீட்டில் யாரும் எந்தப் பதிலையும் முதல் தடவையிலேயே நம்பியதில்லை.

அம்மாவாவது மூக்கோடு நின்றாள். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்த அப்பா, கும்பிடப் போன சாமியையே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் கும்பிடுவார். "ஆத்துல போட்டாலும் அளந்து போடு" என்பது அவர் அன்றாடம் சொல்லும் பழமொழி. அக்கா ராஜபாளையம் போய் வந்த பஸ் டிக்கெட்டை வாங்கி டியூப்லைட் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். அதில் என்ன தெரியும் என்று அவருக்கும் தெரியாது. இந்த இரண்டு பேருக்கும் பிறந்த நான் எப்படி இருப்பேன் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அக்கா காளீஸ்வரி அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. நான் பேச்சியம்மாள், நான்காம் வகுப்பு. எங்கள் ஊரான மம்சாபுரத்தில் வயசுக்கு வந்த பிள்ளை வெளியூர் போனால் கூட ஒரு பொடிசை அனுப்பும் வழக்கம் உண்டு; அதற்குத் "துணைக்குப் போறது" என்று பெயர். நாலடி உயரமுள்ள பொடிசு என்ன துணை செய்துவிடும் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். கண்ணும் காதும் வாயும் இருந்தால் போதாதா? சாயங்காலம் அக்காவின் பையைச் சுமந்துகொண்டு பஸ் ஏற வேண்டும், மைதானத்துச் சிமெண்டுப் படியில் உட்கார வேண்டும், ராத்திரிச் சோற்றின்போது கண்டதையெல்லாம் அப்பாவிடம் ஒப்பிக்க வேண்டும். மில் பழக்கத்தில் அவர் அதை "ஷிப்ட் ரிப்போர்ட்" என்பார். நல்ல ரிப்போர்ட் கொடுத்த அன்று எனக்கு அவர் தட்டிலிருந்து ஒரு துண்டு கருவாடு வரும். வெறுமனே "ஒண்ணுமில்லப்பா" என்றால் எதுவும் வராது. ஆகவே ஏதாவது இருக்க வேண்டும் என்பதில் எனக்குத் தனி அக்கறை உண்டு.

எங்கள் பக்கத்தில் கூடைப்பந்து என்றால் ராஜபாளையம்தான். மில் சங்கு ஊதி ஷிப்ட் விட்டதும் சைக்கிளை மதிலில் சாய்த்துவிட்டு ஆட்டம் பார்க்க நிற்கிற ஊர் அது. அங்கே பெண் பிள்ளைகளுக்கு ஒரு குழு இருந்தது. அதை நடத்தியவரை எல்லோரும் "மாஸ்டர்" என்றார்கள். ஐம்பதைத் தாண்டியவர், தலைக்கு மை போட்டவர், கோபம் வந்தால் வீட்டுத் தெலுங்கு வந்துவிடும். அந்தப் பருவம் முழுக்கக் குழுவில் இருந்தவர்களுக்கு அவர் ஒரு சர்டிபிகேட் தருவார். அது இருந்தால் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கேட்கலாம். அப்பா இரண்டே வார்த்தையில் முடித்திருந்தார்: "சீட்டு கெடச்சா காலேசு. இல்லேன்னா எங்கூட மில்லு." அக்காவின் வாழ்க்கை அந்தத் தாளில்தான் இருந்தது.

இதில் எனக்கு உறுத்திய விஷயம் என்னவென்றால், அக்கா விளையாடவே இல்லை. அவள் குள்ளம். ஐந்து பேர் ஆடினால் அவள் ஓரத்துப் பெஞ்சில் இருப்பாள்; ஆட்டம் தீரப் போகும்போது ஒப்புக்கு ஒரு தடவை உள்ளே விடுவார்கள். விளையாடாத விளையாட்டுக்குத் தினமும் பஸ் ஏறி இம்புட்டுத் தூரம் எவளாவது வருவாளா? யாரோ ஒருவர் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். முதலில் பந்துக்குக் காற்றடிக்கிறவரைச் சந்தேகப்பட்டேன். பிறகு பஸ் கண்டக்டரை. கடைசியில் மாஸ்டர் மேலேயே சந்தேகம் வந்தது. ஏனென்றால் அக்கா அவரையும் களத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, மடியில் வைத்திருந்த ஒரு நோட்டில் எதையோ எழுதிக்கொண்டே இருந்தாள். நான் எட்டிப் பார்த்தால் மூடிவிடுவாள்.

ஒரு நாள் திரும்பி வரும் பஸ்ஸில் அக்கா அசந்து தூங்கிவிட்டாள். பை என் மடியில் இருந்தது. நோட்டை எடுத்துப் பிரித்தேன். காதல் கடிதத்தைத் தேடினேன். பக்கம் பக்கமாகக் கட்டங்கள். கட்டத்துக்குள் வட்டங்கள், பெருக்கல் குறிகள், வளைந்தும் நேராகவும் அம்புகள், ஒன்று முதல் ஐந்து வரை எண்கள். போன வருடம்தான் எங்கள் தெருவில் ஒரு வீட்டு நிலைப்படிக்கு அடியிலிருந்து, யாரோ செய்வினை வைத்ததாகச் சொல்லி, ஒரு செப்புத் தகட்டைத் தோண்டி எடுத்திருந்தார்கள். அதிலும் கட்டம், அதிலும் எண், அதிலும் பெருக்கல் குறி. எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. நோட்டைப் பாவாடைக்குள் செருகிக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

அம்மா அதை இரண்டு விரலால் பிடித்து வாங்கினாள். அப்பாவிடம் சொல்லாமல், மறுநாள் காலையிலேயே என்னையும் கூட்டிக்கொண்டு சேத்தூர்ப் பக்கம் ஒரு கோடாங்கியிடம் போனாள். குறி சொல்கிற அந்தப் பெரியவர் உடுக்கையைத் தட்டிக் கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்துவிட்டு, ஒரு பக்கத்தை விரித்து விரல் வைத்தார். "வட்டம் ஒம் மக. பெருக்கல் குறி அம்புட்டும் எதிராளி. ஒம் மகள நடுவுல விட்டு மூணு பக்கமும் மறிச்சிட்டான் தாயி. தப்பிக்கணும்னா இந்தா, இந்த அம்பு ஒண்ணுதான் வழி." ஒரு எலுமிச்சம்பழமும் கொஞ்சம் திருநீறும் வாங்கிக்கொண்டு வந்தோம். கூடைப்பந்து இன்னதென்றே தெரியாத அந்த மனிதர் அந்தப் படத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் சரியாகப் படித்திருந்தார் என்று பிற்பாடு அக்காவே சொல்லிச் சிரித்ததுண்டு. அன்று சிரிக்க ஆளில்லை.

அக்காவின் கஞ்சியில் அம்மா திருநீறு கலந்ததை அப்பா கண்டுபிடித்துவிட்டார். விஷயம் வெளியே வந்தது. அவர் கோடாங்கியையும் நம்பவில்லை, அம்மாவையும் நம்பவில்லை. "எழுத வச்சவனயே கேட்டுட்டாப் போச்சு" என்று நோட்டைச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு, பகல் ஷிப்ட் முடிந்ததும் நேராக மைதானத்துக்கு வந்தார். நானும் அக்காவும் ஏற்கெனவே அங்கேதான் இருந்தோம். நோட்டைக் காணாமல் இரண்டு நாளாகத் தேடிக்கொண்டிருந்த அக்கா, அது அப்பாவின் பையிலிருந்து வெளியே வருவதைப் பார்த்ததும் பெஞ்சிலிருந்து எழுந்தாள்.

"சார், எம் பிள்ளைக்கு என்ன எழுதிக் குடுத்திருக்கீக?" என்றார் அப்பா.

மாஸ்டர் நோட்டை வாங்கினார். முதல் பக்கத்தில் சிரித்தார். மூன்றாம் பக்கத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. அவருடைய குழு பந்தை எப்படி உள்ளே கொண்டுபோகும், எந்த இடத்தில் யார் திரும்புவாள் என்பது எல்லாம் படமாக இருந்தது. கடைசிப் பக்கங்களில் அவருடைய பிள்ளைகளின் குறைகள்: செல்விக்கு இடக்கை வராது, புஷ்பாவுக்கு மூன்றாவது பகுதியில் மூச்சு வாங்கும், மாஸ்டர் பதறினால் முதலில் வெளியே எடுப்பது தவறான ஆளை.

"ஏமி இதி?" என்றார். என்ன இது என்று கேட்டவர் பிறகு தமிழுக்கு வந்தார். "அண்ணாச்சி, உங்களுக்கு எந்த ஊரு?"

"மம்சாபுரம்."

"ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்துல" என்றார் மாஸ்டர்.

அப்பாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது, சந்தேகத்தில் நான் கைதேர்ந்தவள் அல்லவா? முந்தின வாரம்தான் ஸ்ரீவில்லிபுத்தூர்க் குழுவிடம் மாஸ்டரின் பிள்ளைகள் தோற்றிருந்தார்கள். எதிராளிகள் செல்வியை இடக்கைப் பக்கமாகவே தள்ளித் தள்ளி மடக்கியிருந்தார்கள். அக்காதான் உளவு சொல்லியிருக்கிறாள் என்று மாஸ்டர் கணக்குப் போட்டுவிட்டார்.

"இத யாருக்காக எழுதுன?" என்று அக்காவிடம் கேட்டார் மாஸ்டர்.

"எனக்காகத்தான் சார். சும்மா பாத்துப் பாத்து எழுதினேன்."

"ஆடாத பிள்ளைக்கு இது எதுக்கு?"

அக்கா நோட்டுக்குக் கையை நீட்டினாள். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒரு குள்ளப் பெண் தன் சந்தோஷத்துக்காக ஆட்டத்தைப் படம் போட்டு வைப்பாள் என்பதை நம்ப அந்த மைதானத்தில் யாரும் இல்லை. பெற்ற அப்பாவே நம்பவில்லை. "நாளைலேர்ந்து வரவேண்டாம்" என்றார் மாஸ்டர். நோட்டை அவரே வைத்துக்கொண்டார். சர்டிபிகேட் வரவில்லை. பூனை பூனை என்று கூவி வீட்டுப் புறாவை விரட்டிய கதையாக முடிந்தது எங்கள் விசாரணை.

நோட்டு எப்படி அப்பா கைக்குப் போனது என்று அக்கா கேட்டபோது, "பையத் தொவைக்க எடுத்தேன், இருந்துச்சு" என்று அம்மா முந்திக்கொண்டு சொன்னாள். ஏன் அப்படிச் சொன்னாளோ தெரியாது. நான் தப்பித்தேன்.

ஜூன் மாதம் அக்கா மில்லுக்குப் போனாள். அப்பா அப்போதுதான் குறுகிப் போனார். காலையில் சைக்கிளின் பின்னால் அவளை உட்கார்த்திக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போகும்போது தலையைக் குனிந்தபடியே மிதிப்பார். மூன்று வருடம் அவள் நூல் சுற்றும் கதிர்களுக்கு நடுவில் நடந்தாள். மில் விடுதியில் தங்கி வேலை பார்த்த பெண்களைச் சேர்த்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் பஞ்சுக் குடோனுக்குப் பின்னால் ஒரே ஒரு வளையத்தை வைத்து ஆடச் சொல்லிக்கொடுத்தாள். மானேஜர் எதற்காக இதற்குச் சம்மதிக்கிறார் என்று அப்பா ஒரு மாதம் விசாரித்தார். தபால் வழியில் பட்டம் வாங்கினாள். பிறகு உடற்கல்விப் படிப்பு. சேத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர் வேலை கிடைத்தபோது, "அம்புட்டுப் பேரு இருக்கும்போது ஒன்ன எதுக்கு எடுத்தாவ?" என்று அம்மா கேட்டாள். எனக்கும் அதே சந்தேகம்தான், வாய்விட்டுக் கேட்கவில்லை.

அதன் பிறகு கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் பெண்கள் அணிக்கு உதவிப் பயிற்சியாளர். பேர்தான் அப்படி, தண்ணீர்க் கேனைத் தூக்குவதும், பஸ்ஸில் தலை எண்ணுவதும், பந்து எண்ணுவதும், தைலம் தேய்ப்பதுமாக ஆறு வருடம் போயிற்று. மூன்று தலைமைப் பயிற்சியாளர்கள் வந்தார்கள், போனார்கள். மூவரும் நெட்டையான ஆண்கள். நான்காவது ஆளைத் தேடிக்கொண்டிருந்த இடைவெளியில் ஒரு போட்டி வந்தது. போக வேறு ஆளில்லாமல் அக்காவை அனுப்பினார்கள். பெஞ்சில் உட்கார்ந்தே வளர்ந்தவளுக்குப் பெஞ்சிலிருந்து ஆட்டத்தைப் பார்க்கச் சொல்லித்தரவா வேண்டும்? ஜெயித்துவிட்டு வந்தாள். அப்போதும் உடனே கொடுத்துவிடவில்லை. ஒரு வருடம் "பொறுப்பு" என்று வைத்திருந்து, அதன் பிறகுதான் அவளைத் தலைமைப் பயிற்சியாளர் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்த உத்தரவுக் கடிதத்தை அப்பா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அன்று அவர் கண்ணில் தண்ணீர் இருந்ததால் ஒன்றும் படித்திருக்க முடியாது.

இப்போது அப்பா இல்லை. அவர் வேலை பார்த்த மில்லும் இல்லை. சங்குச் சத்தம் நின்று பல வருடமாகிறது. மாஸ்டர் பேத்தி வீட்டோடு வெளியூர் போய்விட்டார் என்று கேள்வி. பொடிசைத் துணைக்கு அனுப்பும் வழக்கமும் மம்சாபுரத்தில் ஒழிந்துவிட்டது. ஆளுக்கொரு போன் அந்த வேலையைப் பார்க்கிறது.

அக்கா மட்டும் மாறவில்லை என்று நான் நினைத்திருந்தேன். எப்போது அவளைப் பார்க்கப் போனாலும் ஒரு நிமிஷம் என்னைத் தனியே விடமாட்டாள். சாமான் அறைக்குப் போனாலும், தேத்தண்ணி வாங்கப் போனாலும், "வா ஏட்டி, கூடவே வா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள். எங்கள் அக்காவுக்கு என்னைப் பிரிந்து செத்த நேரம்கூட இருக்க முடியாது என்று புகுந்த வீட்டில் நான் பீற்றிக்கொள்ளாத நாளில்லை.

போன மாதம் கல்லூரியில் அவளுடைய அறையில் மின்விசிறிக்குக் கீழே சொகுசாக உட்கார்ந்திருந்தேன். முதல்வர் அறையிலிருந்து அழைப்பு வந்தது. வழக்கம்போல என்னை எழுப்பி வெளியே நிறுத்திவிட்டு அறையைப் பூட்டப் போனாள்.

"ஏக்கா, நான் இங்கேயே இருந்தா ஒன் ஆபீஸு ஓடியா போயிரும்?" என்று கேலியாகக் கேட்டேன்.

"மேச மேல நோட்டு கெடக்குல்ல" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுச் சாவியைக் கைப்பையில் போட்டாள்.

அந்த நோட்டை எடுத்தது நான்தான் என்று இருபது வருடத்துக்கு மேலாக அவளுக்குத் தெரிந்திருக்கிறது. உலகத்தில் எல்லாவற்றையும் எல்லோரையும் சந்தேகப்பட்ட நான், ஒரு தடவைகூடச் சந்தேகப்படாமல் நம்பியது அவள் என் கையைப் பிடித்து இழுத்துப் போனதை மட்டும்தான்.

வராந்தாவில் அவளுக்குப் பக்கத்தில் நடந்தேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவள் நின்று, "என்ன ஏட்டி?" என்றாள்.

"ஒண்ணுமில்லக்கா" என்றேன்.

அவள் அதை நம்பவில்லை.