மட்டாஞ்சேரியிலிருந்து எறணாகுளம்: நாக்கில் வெள்ளையோடு ஒரு படகுப் பயணம்

இந்த மாத முதல் செவ்வாய்க்கிழமை, பல் தேய்க்கும்போது பார்த்தேன். நாக்கிலும் கன்னத்தின் உட்பக்கத்திலும் தயிர் சிதறியதுபோல வெள்ளை. நான் தயிரே சாப்பிடுவதில்லை. பிறந்ததிலிருந்தே எனக்கு எச்.ஐ.வி. உண்டு. வயது பதினேழு. தினமும் இரவு எட்டு மணிக்கு ஒரு மாத்திரை. இந்த வெள்ளையை, எச்.ஐ.வி. மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்துச் சுவரொட்டியில் பார்த்திருக்கிறேன். எதிர்ப்புச் சக்தி இறங்கினால் வருவது. மாதாமாதம் மருந்து வாங்கப் போகும் நாளுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தும், மறுநாளே அம்மாவோடு கிளம்பினேன். இதே பயணம் போகப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன். பெயர் மட்டும் கேட்காதீர்கள்.

கிளம்பும் முன் ஒரு காரியம் செய்தேன். நாக்கு வழிப்பானால் அத்தனை வெள்ளையையும் சுரண்டி, உப்புத் தண்ணீரில் கொப்பளித்தேன். ரத்தம் வந்தது. திருடி கைரேகையைத் துடைத்துவிட்டுப் போகிற மாதிரிதான்.

வீட்டிலிருந்து ஃபோர்ட் கொச்சி படகுத்துறைக்கு ஆட்டோவில் இரண்டு கிலோமீட்டர், நாற்பது ரூபாய். தினமும் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளும் ஆட்டோ சேட்டன் கண்ணாடியில் பார்த்தார்.

"எந்தா மோளே, இன்னைக்கு சத்தமே இல்லல்லோ?"

"வாய்க்கு லீவு, சேட்டா."

7.40 படகு. கட்டணம் ஆறு ரூபாய், இருபது நிமிடம். இடப்பக்க ஜன்னல் கிடைத்தால் காற்று நன்றாக வரும். எனக்கு அன்று காற்றே போதவில்லை. ஹோட்டல் சமையலறையில் வேலைபார்க்கும் அம்மா ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"நீ ஒருநாளும் மருந்து விட்டதில்லையே. பின்ன எப்படிடி வந்துச்சு?"

வெலிங்டன் தீவின் கிரேன்களை எண்ணிக்கொண்டிருந்தேன். பதில் எனக்குத் தெரியும். நாலு மாதம் முன்பு பள்ளியில் மூணாறு கூட்டிப்போனார்கள். தோழிகள் பார்ப்பார்களே என்று மூன்று இரவு மாத்திரை போடவில்லை. ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் வீட்டிலும் நாக்குக்கு அடியில் ஒளித்து, குளியலறையில் துப்ப ஆரம்பித்தேன். அம்மா கண்ணெதிரே. நோயை மறைத்து ஊரையே ஏமாற்றியவளுக்கு அது பெரிய வித்தையாகத் தெரிந்தது.

படகுத்துறையிலிருந்து அரசு மருத்துவமனை பன்னிரண்டு நிமிட நடை. ஆட்டோ தேவையில்லை. மையத்தில் முதலில் மிச்ச மாத்திரைகளை எண்ணுவார்கள். சிஸ்டர் தட்டில் கொட்டி எண்ணினார்.

"ஒம்பது. கரெக்ட். நல்ல குட்டி."

அம்மா சிரித்தாள். துப்பியதும் தின்ற கணக்கில்தான் சேரும்.

டாக்டர் டார்ச் அடித்து வாயைப் பார்த்தார். "சுரண்டினியா?"

தலையாட்டினேன்.

"சுரண்டினா வெள்ளை போகும், அடியில இப்படிச் சிவந்து நிக்கும். அதுதான் இதோட அடையாளமே." பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்துக்கொண்டே சொன்னார். "ஈஸ்ட்டு. அப்பமாவைப் புளிக்க வைக்குதில்லையா, அதுக்கு ஒண்ணுவிட்ட சொந்தம். நல்லா இருக்கிற எத்தனையோ பேர் வாயில சும்மா கிடக்கும். காவல் அசந்தாத்தான் பெருகும்." பிறகு அம்மாவை வெளியே உட்காரச் சொன்னார். "எண்ணிக்கை சரியா இருக்கு. உன் வாய் வேற சொல்லுது. நீ சொல்லு."

சொன்னேன். அவர் திட்டவில்லை. பூஞ்சைக்கு ஏழு நாள் மாத்திரை கொடுத்தார். பழைய மருந்து இன்னும் கேட்குமா என்று தெரிந்துகொள்ள ரத்தம் எடுத்தார்கள். முடிவு வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆகலாமாம், வந்ததும் அம்மாவின் போனுக்குக் கூப்பிடுவார்களாம். அம்மாவிடம் நானே சொல்ல வேண்டும் என்றார்.

திரும்பும் படகில் சொன்னேன். அம்மா தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"தினம் எட்டு மணிக்கு ஹோட்டல் அடுப்ப அவகிட்டயும் இவகிட்டயும் விட்டுட்டு ஓடி வந்தேனே, அது நீ துப்புறதப் பாக்கவாடி?"

அன்று எட்டு மணிக்கு மாத்திரையை விழுங்கி, வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினேன்.

போகிறவர்களுக்கு: ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள், அப்புறம் வரிசை வாசலைத் தாண்டும். வாயில் வெள்ளை வந்தால் சுரண்டாதீர்கள், அப்படியே காட்டுங்கள். வெள்ளை வந்தாலே மருந்தை விட்டவர் என்று அர்த்தமில்லை. வேறு காரணங்களும் உண்டு என்று டாக்டர் சொன்னார். என் காரணம் மருந்தை விட்டதுதான். தோழிகளோடு தங்கும் நாளில் எப்படிப் போடுவது என்று முன்கூட்டியே சிஸ்டரிடம் கேளுங்கள். நான் கேட்டதில்லை.

வெள்ளை ஐந்தாம் நாளே போய்விட்டது. ரத்த முடிவு இன்னும் வரவில்லை. அம்மாவின் போன் அடிக்கும்போதெல்லாம் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிடுகிறோம்.