ஏட்டின் வீரம், ரைட்டரின் கையெழுத்து

ஏட்டுக்கு வயிறு எரிந்தது. சும்மா இல்லை, திகுதிகுவென்று எரிந்தது. ஸ்டேஷன் குடும்பங்களுக்கென்று சினிமாக்காரர்கள் இலவசமாகப் போட்ட பகல் காட்சி. திரையில் ஒரு போலீஸ்காரன் லத்தியைக் கீழே போட்டுவிட்டு, சந்துக்குள் கத்தியோடு நின்ற ரவுடியை நோக்கி வெறுங்கையோடு நடந்தான். நிஜத்தில் அப்படி நடந்துபோனவர் ஏட்டு. ஆனால் தியேட்டரே திரும்பிக் கைதட்டியது ரைட்டரைப் பார்த்து!

ரைட்டர் என்றால் ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் போலீஸ்காரர். பதினெட்டு வருஷமாக நாற்காலியைத் தேய்த்ததுதான் அவர் செய்த சாகசம். ஏட்டின் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். அதனால் எந்த ரகளைக்குப் போய் வந்தாலும் ஏட்டு வாயால் சொல்ல, ரைட்டர் முத்து முத்தாக எழுதுவார், ‘நான் சந்துக்குள் சென்றேன், நான் கத்தியைப் பிடுங்கினேன்’ என்று. கதை தேடி வந்த டைரக்டர் அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டு, “இதை எழுதினது யாரு?” என்று கேட்டார். “நான்தான் சார்” என்றார் ரைட்டர். பொய்யும் இல்லையே! டைரக்டர் அவரை அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டார். மனுஷனும் விளக்கவில்லை.

ஏட்டும் வாயைத் திறக்கவில்லை. எப்படித் திறப்பார்? தனியாக எந்தச் சந்துக்குள்ளும் போவதில்லை என்று கல்யாணமான புதிதிலேயே மனைவி சத்தியம் வாங்கியிருந்தாள். கத்திக்காரன் விவகாரம் நடந்த அன்று அவள் பிரசவ வார்டில் கிடந்தாள். டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டதாகச் சொல்லித்தான் தாமதமாகப் போய்க் குழந்தையைத் தூக்கினார்.

படம் முடிந்து வெளியே வந்தார்கள். மனைவிக்குக் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. நேராக ரைட்டரிடம் போய், “அண்ணே...” என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

“எல்லாம் டியூட்டிதாம்மா” என்றார் அந்தப் பாவி, மீசையைத் தடவிக்கொண்டு.

அதற்கு மேல் ஏட்டுக்குத் தாங்கவில்லை.

“சந்துக்குள்ள போனது நான்டி! இந்தாளு அன்னைக்கு ஃபேனுக்கு அடியில உக்காந்து டீ குடிச்சிட்டிருந்தான். நீ அழுததெல்லாம் எனக்காகத்தான்!”

ரைட்டர் தலையைக் குனிந்துகொண்டார். அதிலேயே அவளுக்கு உண்மை விளங்கிவிட்டது. ஏட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, தனக்கு வர வேண்டிய பாராட்டுக்காகக் காத்து நின்றார்.

“என்னைக்கு நடந்தது?” என்றாள்.

“பாப்பா பொறந்த அன்னைக்கு.”

“நான் அந்தப் போலீஸ்காரனுக்காக அழலைங்க” என்றாள் மனைவி. “ஒண்ணுமே தெரியாம அவன் வருவான்னு காத்துக்கிட்டிருந்தாளே அவன் பொண்டாட்டி, அவளுக்காக அழுதேன்.”