வெள்ளி வயிற்று ஆடு

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஓவியம் சொல்லித்தர ஒரு சார் வந்தது அதுதான் முதல் தடவை. விருதுநகரிலிருந்து பஸ் பிடித்து வருவார். சூலக்கரை கலெக்டர் ஆபீசிலிருந்து அதிகாரிகள் வரப்போகிறார்கள், அதற்குள் சுவர் முழுக்கப் பிள்ளைகள் வரைந்த படம் தொங்க வேண்டும் என்று தலைமையாசிரியர் முடிவு செய்திருந்தார். அதிகாரிகள் எதற்கு வருகிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். பட்டாசு வேலைக்குப் போகும் பிள்ளைகளைக் கண்டுபிடிக்க. ஏழாயிரம்பண்ணையை ஒட்டிய எங்கள் ஊரில் அப்படிப்பட்ட பிள்ளைகள் யாருமே கிடையாது. அதாவது, அதிகாரிகள் கேட்டால் கிடையாது.

எங்கள் வீட்டில் ஒருத்தி இருந்தாள். என் அக்கா. அப்பா லோடு ஏற்றும்போது லாரியிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்த வருஷம், ஆறாம் வகுப்போடு நின்றவள். விடிகாலையில் கம்பெனி வேன் வரும். ஏறிப் போனால் பொழுது சாய்ந்துதான் இறங்குவாள். புஸ்வாணக் கூம்பில் மருந்து அடைப்பது அவள் வேலை. சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் அலுமினியத் தூள் போகாது, நக இடுக்கில் வெள்ளியாக மின்னிக்கொண்டே இருக்கும்.

ஐந்தாம் வகுப்பில் இருந்த எனக்கு அம்மா மூன்று பதில்கள் சொல்லிக்கொடுத்திருந்தாள். ஒன்று, அக்கா கோவில்பட்டியில் அத்தை வீட்டில் இருக்கிறாள். இரண்டு, அங்கே படிக்கிறாள். மூன்று, பொங்கலுக்கு வருவாள். வாய்ப்பாடு மாதிரி தினமும் ஒப்பிக்கவேண்டும். மாறிச் சொன்னால் அக்காவைப் பிடித்துக்கொண்டு போய் எங்கோ விடுதியில் அடைத்துவிடுவார்கள், அம்மா மேல் கேஸ் எழுதுவார்கள், அடுப்பு எரியாது.

"நாலாவதா எதாச்சும் கேட்டா?" என்றேன்.

"கேக்க மாட்டாக. கேட்டா அழுதுரு."

ஓவிய சார் முதல் நாள் போர்டில் மூன்று உருவம் போட்டார். இது என்ன என்று முதலாவதைத் தொட்டார். வகுப்பு மொத்தமும் "வெடிக்குழாய் சார்" என்றது. அடுத்தது? "புஸ்வாணம் சார்." கடைசியாக ஒரு உருண்டை. "அணுகுண்டு சார்." சார் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உருளை, கூம்பு, கோளம். வர்றவங்க முன்னாடி வேற எதையும் சொல்லித் தொலைச்சிராதீங்கப்பா."

எந்த மிருகமும் இந்த மூன்றுக்குள் அடக்கம் என்பதுதான் அவர் பாடம். ஆட்டுக்கு வயிறு கோளம், கால் உருளை, முகம் நுனி வெட்டிய கூம்பு. முதலில் உருவங்களை அடுக்கு, பிறகு சேர்த்து வரை, கடைசியில் நிழல் போடு. வரிசை எனக்கு உடனே மனப்பாடமாகிவிட்டது. ஆடுதான் வரவில்லை. நான் போட்டதெல்லாம் லாரி ஏறியதுபோல் தட்டையாகக் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா அதை எட்டிப் பார்த்தாள்.

"இது ஆடா, ஆட்டுத்தோலா?"

நான் அழப்போனதும், தூக்குப்பையிலிருந்து கம்பெனியில் கழித்துப்போட்ட வெறும் காகிதக் குழாய்களையும் மருந்தேறாத ஒரு கூம்பையும் எடுத்தாள். பழைய பேப்பரைக் கசக்கி உருட்டி நூல் சுற்றினாள். வாசல் வெளிச்சத்தில் எல்லாவற்றையும் பொருத்தி வைத்தாள். ஆடு நின்றது.

"ஒத்தக் கண்ண மூடிட்டுப் பாரு. எங்கன இருட்டா இருக்கு?"

"அங்கன."

"அப்ப அங்கன பென்சிலத் தேயி. குழா வாய வட்டமா போடாத புள்ள. சாய்ச்சுப் பாத்தா முட்டை மாதிரிதான தெரியுது?"

இன்று இயந்திர உறுப்புகளைக் கணினியில் முப்பரிமாணத்தில் வரைந்து சம்பளம் வாங்குகிறேன். சாய்த்துப் பார்த்தால் வட்டம் நீள்வட்டமாகும் என்பதைக் கல்லூரியில் ஒரு பருவம் முழுக்க நடத்தினார்கள். எனக்கு அது அந்த வாசற்படியிலேயே முடிந்துவிட்டது.

பார்த்ததை அப்படியே வரைந்ததால் ஆட்டின் தூக்கிய முன்னங்காலுக்கு அடியில் குழாயின் ஓட்டையும் வந்துவிட்டது. அது எனக்குத் தப்பாகப் படவில்லை. வயிற்றில் வெளிச்சம் விழும் இடத்தைத்தான் தெரியாமல் தேய்த்துவிட்டேன். அதுவரை தாளில் கை படாமல் விரல் நீட்டியே சொல்லிக்கொண்டிருந்த அக்கா, "இத எங்கன ஒட்டுவாக?" என்று கேட்டாள்.

"வாசலுக்கு நேரா. சார் சொன்னாரு."

"ஆபீசருக பாப்பாகளா?"

"பாப்பாக."

கொடியில் கிடந்த தன் வேலைச் சட்டையின் பைக்குள் கட்டைவிரலை விட்டு எடுத்தாள். ஆட்டின் வயிற்றில் வைத்து அழுத்தினாள். வயிறு வெள்ளியாக மின்னியது. வகுப்பில் எவன் ஆட்டுக்கும் அப்படி ஒரு பளபளப்பு கிடையாது.

ஜீப் வந்த அன்று தலைமையாசிரியருக்குச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வந்தது கண்ணாடி போட்ட ஒரு அம்மா. ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் என் ஆட்டின் முன் நின்றார். நின்றவர் நகரவில்லை.

"யார் வரைஞ்சது?"

எழுந்தேன். மனதுக்குள் மூன்று பதில்களையும் ஒருமுறை ஓட்டிக்கொண்டேன்.

"கால்ல ஏம்மா ஓட்டை இருக்கு?"

இது மூன்றிலும் இல்லை. அழுதுவிடலாமா என்று யோசிப்பதற்குள் பின்பெஞ்சிலிருந்து ஒருவன், "வால்ல திரி வச்சா வெடிக்கும் மேடம்" என்றான். சிரிப்பு கிளம்பி, சார் திரும்பிப் பார்த்ததும் அப்படியே நின்றது.

அந்த அம்மா சிரிக்கவில்லை. ஆட்டின் வயிற்றுக்கு அருகே கண்ணாடியைக் கொண்டுபோனார். "கையைக் காட்டு." காட்டினேன். பென்சில் கரிதான் இருந்தது. "இந்த விரல் யாரோடது?"

"அம்மாவோடது."

அவர் தன் கட்டைவிரலை அந்த அச்சின் மேல் வைத்தார். அச்சு முழுதாக மறைந்துபோனது.

"அம்மா அவ்வளவு சின்னவங்களா?"

"ஆமா மேடம்."

"வீட்ல வேற யாரு இருக்கா?"

தெரிந்த கேள்வி கடைசியில் வந்துவிட்டது. அக்கா கோவில்பட்டியில் அத்தை வீட்டில் இருக்கிறாள், படிக்கிறாள், பொங்கலுக்கு வருவாள் என்று மூச்சுவிடாமல் முடித்தேன். பொங்கலைப் பற்றி அவர் கேட்கவேயில்லை. தலைமையாசிரியர் தரையைப் பார்த்தார். அந்த அம்மா படத்தைச் சுவரிலிருந்து கிழியாமல் எடுத்து, "இதை நான் வச்சுக்கறேன்" என்றார். எனக்கு முதல் பரிசு என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் சொன்னபோது அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது. "வெரல் யாருதுன்னா கேட்டாக?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். உள்ளே படுத்திருந்த அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். வேனிலிருந்து இறங்கிய அக்காவை வாசலிலேயே பிடித்து முதுகில் ரெண்டு வைத்தாள் அம்மா. "கழுவாத கையோட அதப் போயி ஏன்டி தொட்ட?" அக்கா என்னைப் பார்த்து, "ஆட்ட எடுத்துட்டுப் போயிட்டாகளா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன்.

அம்மா உடனே ஏற்பாடு சொன்னாள். நாளைக்கு அக்கா முன்வாசல் பக்கமே போகக்கூடாது. வண்டிச் சத்தம் கேட்டதும் பின்பக்கமாக இறங்கி, கருவேலங்காட்டு வழியே சுற்றிப்போய் அடுத்த ஊருக்குப் பிரியும் விலக்கில் வேனைப் பிடித்துக்கொள்ளவேண்டும்.

விடிகிற நேரத்தில் வண்டிச் சத்தம் கேட்டது. வேன் சத்தமில்லை. "ஓடு புள்ள" என்று அம்மா அக்காவைப் பின்கதவுக்குத் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள். நான் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜீப்பிலிருந்து இறங்கிய அந்த அம்மாவின் கையில் என் ஆடு இருந்தது.

"உங்க பெரிய பொண்ணு எங்கம்மா?"

"கோவில்பட்டில இருக்கா மேடம், எங்க நாத்தனா வீட்ல. நல்லாப் படிக்கா." அம்மா முதல் இரண்டையும் என்னைவிடத் திருத்தமாகச் சொன்னாள். மூன்றாவதுக்கு வாய் எடுத்தபோது, வீட்டைச் சுற்றிக்கொண்டு அக்கா முன்வாசலுக்கு வந்தாள். ஓடி வரவில்லை. நடந்துதான் வந்தாள்.

"நாந்தான் மேடம் பெரியவ."

"ஏ புள்ள" என்றாள் அம்மா.

வேலைக்குப் போகும் நாளில் அக்கா தலைமுடியை இறுக்கிக் கொண்டை போட்டுத் துணியால் கட்டிக்கொள்வாள். மருந்து இறங்காமல் இருக்க. அன்று இரட்டைச் சடை பின்னி, மடித்து, ரிப்பன் வைத்துக் கட்டியிருந்தாள். அது என் பள்ளிக்கூட ரிப்பன். அம்மா வாசலில் அப்படியே உட்கார்ந்து அழுதுகொண்டிருக்க, கேட்காமல் எடுத்துவிட்டாளே, இன்றைக்கு நான் எதைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போவேன் என்ற கோபத்தில் அக்காவை முறைத்துக்கொண்டு நின்றேன்.