துப்பாக்கிக்குக் கட்டிய பெல்ட்

யோகேந்திரன் சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் பாதுகாப்பு மேற்பார்வையாளர். அங்கே எவனாவது இடுப்பில் பாதுகாப்பு பெல்ட் போடாமல் ஏணியில் கால் வைத்தால் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். எல்லைப் பாலம் தாண்டி, வீடு இருக்கும் ஜோகூருக்குள் நுழைந்ததும் அந்த அக்கறை காணாமல் போய்விடும். அதைச் சுங்கச் சாவடியில் ஒப்படைத்துவிட்டு வருகிறார் என்பாள் மனைவி கிருஷ்ணகுமாரி.

ஜோகூரின் கோத்தா திங்கிச் செம்பனைத் தோட்ட ஓரத்தில் காட்டுப்பன்றி சுடப் போன சனிக்கிழமையும் அவர் பையில் பெல்ட் இருந்தது. மரத்தில் கட்டிய பரணில் ஏறியவர், அதை எடுத்துத் துப்பாக்கியைக் கிளையோடு பத்திரமாகக் கட்டினார்.

"உங்களுக்கு, அண்ணே?" என்று கீழேயிருந்து கேட்டார் கூட்டாளி வைத்தியலிங்கம்.

"துப்பாக்கிக்கு லைசன்ஸ் இருக்குலா. அது விழுந்து ஒடைஞ்சா போலீஸுக்கு யாரு பதில் சொல்றது? எனக்கென்ன லைசன்ஸா இருக்கு?"

பரண் பலகை முறிந்தது. லைசன்ஸ் இல்லாதது மட்டும் கீழே விழுந்தது.

மருத்துவமனையில் கண் விழித்ததும், "துப்பாக்கி?" என்றார்.

"அதுக்கென்ன, சௌக்கியமா இருக்கு. பெல்ட் போட்டிருந்துச்சுல்ல," என்றாள் கிருஷ்ணகுமாரி. "உங்களுக்குத்தான் தொடை எலும்பு ரெண்டா போச்சு. பழையபடி நடப்பீங்களான்னு டாக்டருக்கே தெரியல."



சில வாரங்கள் கழித்து, நடை பழக்க வந்த பெண் தாங்கிப் பிடிப்பதற்காக அவர் இடுப்பில் அகலமான பெல்ட் ஒன்றை மாட்டினாள். ஜோகூர் மண்ணில் அவர் போட்ட முதல் பெல்ட் அதுதான்.

யோகேந்திரன் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றார்.

"இன்னும் கொஞ்சம் இறுக்கும்மா," என்றார்.