ஒரே தலைமுடிக்கு மூன்று வேண்டுதல்

மூன்று வருடங்களுக்கு முன்பு, கீழ் கோத்தகிரி பக்கம் நாங்கள் வேலை செய்யும் டீ எஸ்டேட்டில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் முதலில் சிரிப்புதான் வருகிறது. அழுகை அப்புறம்தான்.

நான் பிறந்தது மேட்டுப்பாளையம் பக்கம். கல்யாணமாகி மலையேறியவள். நான் கொழுந்து பறிக்கிறேன், என் வீட்டுக்காரர் டீ ஃபேக்டரியில் இருக்கிறார். மாமனார் சின்ன வயதில் சிலோன் தோட்டத்திலிருந்து வந்தவர். எஸ்டேட்டில் வரிசையாகக் கட்டிக் கொடுத்த எங்கள் லைன் வீட்டை இன்றைக்கும் 'காம்பரா' என்றுதான் சொல்வார். எங்களுக்கு ஒரே பெண் குழந்தை. குறைமாதத்தில் பிறந்தாள். பிறந்தவுடன் அழவில்லை. அதன் விளைவு கால்களில் தெரிந்தது. மற்ற குழந்தைகள் ஓடுகிற வயதில் இவளுக்கு இரண்டு காலும் விறைத்துக்கொண்டு, கத்திரி போல் ஒன்றின்மேல் ஒன்று பின்னிக்கொள்ளும்.

கோயமுத்தூரில் பெரிய டாக்டரிடம் காட்டினோம். "நடக்கலாம், நடக்காமலும் போகலாம். பயிற்சியை விடாதீங்க" என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில், மேட்டுப்பாளையம் தாண்டியதும் மாமனார், மழை வரும் என்று சொல்கிற மாதிரி சாதாரணமாக, "புள்ள நடக்கும்" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. டாக்டருக்கே தெரியாதது இவருக்கு எப்படித் தெரியும்?

கால்தான் இப்படியே தவிர, வாய்க்கு ஒரு குறையும் இல்லை. தாத்தா தோளில் உட்கார்ந்துகொண்டு லைன் முழுக்க அதிகாரம் செய்வாள். யார் வீட்டுத் தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறது, யார் துணி மழையில் நனைகிறது என்று அவள்தான் சத்தம் போடுவாள். எல்லோரும் அவளை 'சூப்பர்வைசர்' என்றே கூப்பிட்டார்கள்.

வாரா வாரம் கோத்தகிரிக்கு பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போவோம். அங்கே பயிற்சி கொடுக்கிற அக்கா ஒருவர் இருந்தார். காலை நீவி விடுவது, நிற்க வைப்பது, காலில் பிளாஸ்டிக் பட்டை மாட்டுவது எல்லாம் எங்களுக்கும் சொல்லிக் கொடுத்தார். இரண்டு பக்கமும் பிடித்து நடக்க வீட்டில் கம்பி போடச் சொன்னார். என் வீட்டுக்காரர் எங்கிருந்தோ பழைய பைப்புகளைக் கொண்டுவந்து வாசலில் நட்டார். பைப் நேராகத்தான் இருந்தது, வாசல்தான் சரிவு. அதோடு காலையில் அந்த இரும்பைத் தொட்டால் ஐஸ் கட்டியைத் தொட்ட மாதிரி இருக்கும். நம்ம சூப்பர்வைசர் ஒரு நாள் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுல துணி காயப் போடுங்க" என்று உத்தரவு போட்டுவிட்டாள். கடைசியில் அதுதான் நடந்தது.

என் வீட்டுக்காரர் விடவில்லை. ஷிப்ட் முடிந்து உடம்பெல்லாம் டீத்தூள் வாசனையோடு வந்து, முகம்கூடக் கழுவாமல் அவள் காலை மடியில் போட்டுக்கொள்வார். வலிக்கிறது என்று அழுதால் தப்புத் தப்பாகப் பாட்டுப் பாடுவார். பாட்டைத் திருத்துகிற மும்முரத்தில் அவள் அழுகையை மறந்துவிடுவாள். மாமனார் விடியும் முன்பே நல்லெண்ணெயைச் சூடு பண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் மட்டும்தான் எப்போதும் சிடுசிடுப்பு. எஸ்டேட் மாரியம்மன் கோயிலுக்குப் போய் எல்லோரும் கும்பிட்டால், நான் சண்டை போடுவேன். "உனக்கென்ன, உட்கார்ந்த இடத்துல உட்கார்ந்திருக்க. தூக்கிட்டு அலையறது நாங்கதானே" என்று ஒரு நாள் அம்மனிடம் நேராகவே கேட்டேன்.

இதில் ஒரு சின்ன விஷயம். பாப்பாவுக்கு முடி கருகருவென்று இடுப்பு வரைக்கும் வளர்ந்திருந்தது. ஜலதோஷம் பிடிக்கிறது, கொஞ்சம் வெட்டி விடேன் என்று யாராவது சொன்னால், நான், அவர், மாமனார் மூன்று பேரும் ஒரே குரலில் "வேண்டாம்" என்போம். அவளுக்கு முடி பிடிக்கும் என்பதால் மற்ற இருவரும் செல்லம் கொடுக்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். அவர்களும் அப்படியேதான் நினைத்திருக்கிறார்கள்.

எங்கள் லைனுக்குப் பின்னால் இருக்கும் தேயிலைக் காட்டில் அதற்கு முந்தின வருடம் கவாத்து வெட்டியிருந்தார்கள். டீச்செடி உயரமாகிவிட்டால் சில வருடத்துக்கு ஒரு தடவை முட்டளவுக்கு வெட்டி விடுவதுதான் கவாத்து. பிறகு தளிர்த்து வரும்போது மேலே சமமாகக் கிள்ளிக் கிள்ளி மேஜை மாதிரி ஆக்குவார்கள். அந்தச் சமயம் அங்கே செடி எல்லாம் என் தொடையளவுதான் இருந்தது. வரிசைக்கு நடுவே இடமும் தாராளமாக இருந்தது.

ஒரு நாள் பள்ளிக்கூடம் லீவு. மாமனார் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நான் பறிக்கிற இடத்துக்கு வந்தார். வரிசை முனையில் சாக்கை விரித்து உட்கார வைத்துவிட்டு, பக்கத்தில் அவரும் சாய்ந்தார். நல்ல வெயில். கொஞ்ச நேரத்தில் குறட்டைச் சத்தம் என் காது வரைக்கும் கேட்டது. நாங்கள் பெண்கள் எல்லாம் கதை பேசிக்கொண்டே பறித்துக்கொண்டு போனோம். யாரோ செல்போனில் பாட்டு வேறு போட்டிருந்தார்கள்.

என் முதுகுக்குப் பின்னால் திடீரென்று ஒரு குரல். "எத்தன தடவ கூப்புடறது? வர்க்கி எங்கம்மா?"

திரும்பினேன். பாப்பா நின்றுகொண்டிருக்கிறாள். இரண்டு பக்கமும் டீச்செடியின் தலையை இறுகப் பிடித்துக்கொண்டு, கால் நடுங்க, மூக்கில் வியர்வையோடு நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் அந்தச் சாக்கு எங்கேயோ தூரத்தில் கிடக்கிறது. வர்க்கி என்பது எங்கள் மலைப்பக்கத்து மொறுமொறு ரொட்டி; அந்தப் பொட்டலம் என் பையில் இருந்தது. கத்திக் கத்திப் பார்த்து, எங்கள் பேச்சில் காதில் விழாததால், தானே வாங்கிக்கொள்ளக் கிளம்பியிருக்கிறாள்.

பக்கத்து வரிசை அக்காதான் கொழுந்துப் பையைக் கீழே போட்டுவிட்டு, "ஏனுங்க, இங்க பாருங்க! சூப்பர்வைசரு நடந்து வந்துருச்சு!" என்று கத்தினார். அந்தச் சத்தத்தில் மாமனார் விழித்தார். பார்த்தால் சாக்கு காலி. "ஐயோ புள்ளைய காணோமே!" என்று எதிர்ப்பக்கமாகக் காட்டை நோக்கி ஓட ஆரம்பித்துவிட்டார். சிறுத்தை கவ்விக்கொண்டு போய்விட்டது என்றே நினைத்தாராம். இரண்டு பேர் துரத்திப் பிடித்துக் கூட்டி வந்தார்கள். அவர் வந்து சேர்ந்தபோது பாப்பா செடிகளுக்கு நடுவே உட்கார்ந்து இரண்டாவது வர்க்கியைத் தின்றுகொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் திருவிழாதான். என் வீட்டுக்காரர் ஃபேக்டரியிலிருந்து ஓடி வந்தார். வந்த வேகத்தில் கையைக் கூப்பி, "முருகா, சொன்னபடி புள்ளையோட முடிய பழநிக்குக் கொண்டாந்து இறக்கிடறேன்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னங்க சொல்றீங்க? அந்த முடிய நான் மாரியம்மனுக்கு நேர்ந்திருக்கறனுங்க!"

அடுப்பு ஓரத்தில் உட்கார்ந்திருந்த மாமனார் மெதுவாகத் தொண்டையைச் செருமினார். "நானும் நேர்ந்துதான் இருக்கேன்மா. நம்ம ரோதமுனிக்கு."

ரோதமுனி என்பது சிலோன் தோட்டங்களில் ஃபேக்டரி மிஷினைக் காக்கிற சாமி. மாமனார் வீட்டார் வரும்போது அந்தச் சாமியையும் மனசில் கூட்டி வந்துவிட்டார்கள். ஒரு மரத்தடியில் கல் நட்டு இன்றைக்கும் கும்பிடுகிறார்கள். "முனிக்கு யாராச்சும் முடி நேருவாங்களா மாமா? கோழிதானே நேருவாங்க?" என்று கேட்டேன். "கோழி எல்லாரும்தான் குடுக்கிறாங்க. பெரிய விசயம் கேக்கிறப்ப பெருசா குடுக்க வேணாமா?" என்றார்.

ஒரு தலை, மூன்று சாமி. யாருக்கு முதலில் என்று பெரிய பஞ்சாயத்து ஆகிவிட்டது. உச்சியில் வகிடு எடுத்து ஆளுக்கு ஒரு பக்கம் பிரித்துக் கொடுக்கலாமா என்று அவர் யோசித்தார். மூன்று தடவை வளர்த்து மூன்று தடவை மொட்டை அடிக்கலாம் என்றார் மாமனார். அம்மன்தான் பக்கத்திலேயே இருக்கிறாள், தினமும் முகத்தில் முழிக்க வேண்டியவள் நான், அதனால் என் வேண்டுதல்தான் முதலில் என்று நான் அடம் பிடித்தேன்.

பாப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு பின்னலைத் தூக்கி முன்னால் போட்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னாள். "நடக்கறதும் நானு. முடியும் நானே குடுக்கோணுமா? எல்லா வேலையும் நானேதான் செய்யோணுமா?"

மாமனார்தான் முதலில் சிரித்தார். சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. "புள்ள கேக்கிறது நாயந்தானே" என்றார்.

மறுநாள் பூசாரியிடம் போய்க் கேட்டோம். நேர்ந்துகொண்டவர்களே தங்கள் முடியைக் கொடுத்தால் எந்தச் சாமிக்கும் சந்தோஷம்தான் என்று சொல்லிவிட்டார். ஆண்கள் இருவரும் உடனே சரி என்றார்கள். மாமனார் தலையில் இருந்ததே கொஞ்சம், அவருக்கு என்ன கஷ்டம்? எனக்கு அப்படி இல்லை. எனக்கென்று பெருமைப்பட்டுக்கொள்ள இருந்தது அந்த நீள முடி ஒன்றுதான். மகள் முடியைக் கொடுக்கும்போது வராத தயக்கம், என் முடி என்றதும் வந்துவிட்டது. ஒரு வாரம் தூக்கமில்லை. பிறகு சரி என்றேன்.

ஆனால் அவள் நடை அதோடு முழுசாகிவிடவில்லை. கோத்தகிரி அக்காவைக் கூட்டி வந்து காட்டினோம். இரண்டு வரிசைக்கு நடுவே பாப்பா நடந்ததைப் பார்த்து அவர் கைதட்டினார். "எங்க கம்பியவிட இது நல்லா இருக்குங்க. வழுக்காது, சில்லுனும் இருக்காது" என்றார். செடிக்குப் பூச்சி மருந்து அடிக்கிற நாள் தவிர தினமும் நடக்க விடச் சொன்னார். ஆனால் பிடியை விட்டால்தான் நடை என்பதையும் சொல்லிவிட்டார். மழை பிடித்துவிட்டால் செடி விரிந்து நடுவில் இருக்கிற இடம் மூடிக்கொள்ளும். அதற்குள் கையை எடுத்தாக வேண்டும். வரிசையில் ராணி மாதிரி நடப்பாள். வரிசை முடிகிற இடத்தில் கையை விடு என்றால் அப்படியே உட்கார்ந்துவிடுவாள். பயம். நாங்கள் கெஞ்சினோம், மிரட்டினோம், வர்க்கியைக்கூடக் காட்டிப் பார்த்தோம். மாதங்கள் போயின. கோடை மழை ஆரம்பித்துவிட்டது. மறுபடியும் அம்மனோடு சண்டைக்குப் போனேன். மொட்டை போடவும் ஒத்துக்கொண்ட பிறகு, இன்னும் என்னதான் வேண்டும் உனக்கு?

வைகாசியில் எஸ்டேட் மாரியம்மன் திருவிழா வந்தது. கொடுத்த வாக்கைத் தள்ளிப்போடக் கூடாது என்று முடிவு செய்தோம். கோயிலுக்குப் பக்கத்தில் தண்ணீர்க் குழாய்கிட்டே முடி எடுக்கிற அண்ணன் பலகை போட்டார். மாமனார், அவர், நான் மூன்று பேரும் வரிசையாக அதில் உட்கார்ந்தோம். பாப்பாவை அந்தக் கடைசியில் மாமனார் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்திருந்தோம். பழநிக்கும் ரோதமுனிக்கும் உரிய முடியை மஞ்சள் துணியில் தனித்தனியாக முடிந்து வைத்தோம். என் பின்னல் தரையில் விழுந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். தண்ணீர் ஊற்றி, தலை நிறையச் சந்தனம் பூசினார்கள். குளிர் மண்டைக்குள் இறங்கியது.

பாப்பா எங்களைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, லைனே திரும்புகிற மாதிரி சத்தமாக, "மூணு பேருக்கும் கவாத்து வெட்டியாச்சு!" என்றாள். மேளக்காரர்கள் வரைக்கும் எல்லோரும் சிரித்தார்கள்.

அவளுக்கு எங்கள் தலைகள் டீச்செடியாகத்தான் தெரிந்திருக்கிறது. நாற்காலியிலிருந்து இறங்கி, தாத்தா தலையைப் பிடித்தாள். காலை எடுத்து வைத்தாள். அடுத்தது அப்பா தலை. அதற்கடுத்தது என் தலை. மற்ற இரண்டும் அதற்குள் காய்ந்திருந்தன. என் தலையில் சந்தனம் அப்போதுதான் பூசியது, ஈரம். அவள் கை வழுக்கியது. பிடி கிடைக்கவில்லை. மறுபடி தடவினாள், மறுபடி வழுக்கியது. அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே அடுத்த செடியைத் தேடுகிற மாதிரி கையை நீட்டிக்கொண்டு முன்னால் போனாள். முன்னால் எதுவும் இல்லை. கோயில் கதவுதான் இருந்தது, அதுவும் கொஞ்ச தூரத்தில்.

நான் பிடிக்க எழுந்தேன். அவர் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். மேளம் அடிக்கிறவர் குச்சியைத் தூக்கியபடி நின்றுவிட்டார். பாப்பா சாய்ந்தாள், நிமிர்ந்தாள், தள்ளாடினாள், நடந்தாள். கோயில் கம்பிக் கதவைப் பிடித்த பிறகுதான் திரும்பி, யாரையும் பிடிக்காமல் வந்துவிட்டது அவளுக்கே தெரிந்தது. "அம்மா, உன் தலைதான் வழுக்கிருச்சு" என்று என்மேல் புகார் சொன்னாள். நான் அழுதேன், நன்றாக வாய்விட்டே அழுதேன். சந்தனம் கண்ணில் இறங்கி எரிந்தது, அதையும் துடைக்கத் தோன்றவில்லை. மாமனார் மட்டும், "நான்தான் அப்பவே சொன்னேனே" என்று எல்லோரிடமும் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது அவள் பள்ளிக்கூட பஸ் நிற்கும் இடம் வரைக்கும் தானே நடந்து போகிறாள். ஒரு காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் நடப்பாள், பட்டை இன்னும் மாட்டுகிறோம், மழையில் கை பிடித்துக்கொள்கிறோம். அவள் பின்னல் அப்படியே இருக்கிறது. என் முடி தோளைத் தொட்டுவிட்டது. அம்மனோடு நான் சண்டை போடுவதையும் நிறுத்தவில்லை. ஆனால் இப்போதெல்லாம் யாருக்காகவாவது எதையாவது வேண்டிக்கொள்ளக் கையெடுக்கும் முன், என் கை தானாகப் போய் என் தலையை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொள்கிறது.